பிள்ளை பெற்றவளின் நாற்பது நாள்

பிரசவத்தால் ஒரு தாய் இறந்தாள் என்று கணக்கில் எழுத உலக சுகாதார நிறுவனம் ஓர் எல்லை வைத்திருக்கிறது. கர்ப்பகாலத்தில், அல்லது கர்ப்பம் முடிந்த 42 நாட்களுக்குள், கர்ப்பத்தோடு தொடர்புள்ள காரணத்தால் நேரும் இறப்புதான் பேறுகால மரணம். அது ஏன் 42? பிள்ளை வெளியே வந்ததும் கருப்பை ஏறத்தாழ ஒரு கிலோ எடை இருக்கும். இரண்டு வாரத்தில் சுருங்கி இடுப்பெலும்புக் கூட்டுக்குள் இறங்கும். ஆறு வாரம் முடியும்போது நூறு கிராமுக்கும் குறைந்து பழைய அளவுக்கு வந்து நிற்கும். உதிரப்போக்கும் பெரும்பாலும் அதற்குள் நின்றுவிடும். உடம்பு தன் வேலையை முடிக்க எடுத்துக்கொள்ளும் காலம் அது.

கருப்பையை எடை போட்டுப் பார்க்காத மனிதர்களும் ஏறத்தாழ இதே கணக்குக்கு வந்திருக்கிறார்கள். பைபிளின் லேவியராகமம் ஆண் பிள்ளை பெற்றவளுக்கு 40 நாள் விதிக்கிறது. பெண் பிள்ளை என்றால் அதை 80 ஆக்குகிறது. இஸ்லாமியச் சட்ட மரபுகள் பலவற்றில் பேறுகால உதிரத்துக்கு 40 நாள்தான் உச்சவரம்பு. கிரேக்க நாட்டில் தாயும் பிள்ளையும் நாற்பதாம் நாள் தேவாலயத்துக்குப் போய் ஆசி பெறுகிறார்கள். மெக்சிகோவில் இந்தக் காலத்துக்குப் பெயரே ‘குவாரென்தேனா’, அதாவது நாற்பது. மலாய்க்காரர்களின் ‘பந்தாங்’ 44 நாள். சீனர்களுக்கு ஒரு மாதம். கொரியர்களுக்கு மூவேழு இருபத்தொரு நாள். யாழ்ப்பாணத்தில் 31ஆம் நாள் துடக்குக் கழிவு.

இத்தனை சமூகங்கள் பிள்ளை பெற்றவளை வீட்டுக்குள் இருத்தி ஏறத்தாழ ஒரே அளவு காலம் பார்த்துக்கொண்டது எதற்காக? அந்த நாட்களில் எதைக் காப்பாற்ற வேண்டும், எதைக் கைவிட வேண்டும்? நம் வீடுகளில் இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் ‘பாட்டி வைத்தியம் எல்லாமே அறிவியல்’ என்று ஒரு தரப்பும் ‘எல்லாம் மூடநம்பிக்கை’ என்று இன்னொரு தரப்பும் சண்டை பிடித்து ஓய்ந்துவிடுகின்றன. இரண்டு தரப்பும் சட்டியில் என்ன இருக்கிறது என்று பார்க்கின்றனவே தவிர, சட்டியை யார் ஏந்தி வருகிறார் என்று பார்ப்பதில்லை.

சீனாவிலிருந்து தொடங்குகிறேன், இந்த வழக்கம் மிக விரிவாக எழுதிப் பதியப்பட்டது அங்கேதான். ‘சுவோ யுவேத்ஸி’ என்றால் மாதம் உட்கார்தல். 1978இல் மானுடவியலாளர் பார்பரா பில்ஸ்பரி சீன, தைவான் பெண்களிடம் கேட்டு எழுதிய கட்டுரையில் அதன் விதிகள் வரிசையாக வருகின்றன. குளிக்கக் கூடாது, தலைக்கு நீர் ஊற்றக் கூடாது, காற்றில் நிற்கக் கூடாது, குளிர்ந்ததைத் தொடக் கூடாது, பச்சைக் காய்கறி தின்னக் கூடாது. பிரசவத்தில் இரத்தத்தோடு உடம்பின் சூடும் போய்விட்டது, அதைத் திரும்ப ஏற்ற வேண்டும் என்பது அடிப்படை நம்பிக்கை. கன்டனில் பன்றிக்காலை இஞ்சியும் கறுப்புக் காடியும் சேர்த்துச் சட்டியில் நாள்கணக்கில் சுண்டவைப்பார்கள். தைவானில் எள்ளெண்ணெய்க் கோழி. வடக்கே பழுப்புச் சர்க்கரை போட்ட தினைக்கஞ்சி. மாதம் நிறைந்ததும் சாயமேற்றிய சிவப்பு முட்டைகளை உறவினருக்குக் கொடுப்பார்கள், பிள்ளை உலகத்துக்கு வந்துவிட்டது என்று பொருள்.

கொரியாவில் வாசலே பேசும். பிள்ளை பிறந்த வீட்டின் கதவுக்கு மேல் வைக்கோல் கயிறு கட்டுவார்கள். வழக்கமான கயிறுபோல் வலப்பக்கம் முறுக்காமல் இடப்பக்கமாக முறுக்கிய கயிறு. அதில் சிவப்பு மிளகாய் செருகியிருந்தால் ஆண் பிள்ளை. கரித்துண்டும் பைன் கிளையும் மட்டும் என்றால் பெண் பிள்ளை. மூவேழு நாள் வெளியார் யாரும் அதைத் தாண்டி உள்ளே வர மாட்டார்கள். பிறந்த குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு என்று இன்று நாம் சொல்வதை அந்தக் கயிறு தன் பாஷையில் சொல்லிக்கொண்டிருந்தது. உள்ளே தாய்க்கு வேளைதோறும் ‘மியோக்குக்’, கடற்பாசிச் சூப். கொரியர்கள் தங்கள் பிறந்தநாள் காலையில் இன்றும் அதே சூப்பைத்தான் குடிக்கிறார்கள். தன் பிறந்தநாளில் தன்னைப் பெற்றவளின் பத்தியச் சாப்பாட்டைச் சாப்பிடும் இந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது.

ஜப்பானில் பிரசவத்துக்குத் தாய்வீடு திரும்பும் வழக்கத்துக்கு ‘சதோகாயேரி’ என்று பெயர். சீமந்தம் முடித்து மகளை அழைத்துவரும் நம் வழக்கத்தின் ஒன்றுவிட்ட சகோதரி. நைஜீரியாவின் இக்போ மக்களிடம் இது திசை மாறுகிறது. மகள் வருவதில்லை, தாய் போகிறாள். ‘ஓமுக்வோ’ என்பது அந்தப் பயணத்தின் பெயர். மகள் வீட்டில் தங்கி, வெந்நீரில் துணி நனைத்து அவள் வயிற்றை நீவிவிட்டு, காரமான மிளகுச் சாறு வைத்துக் கொடுத்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, ஒன்றிரண்டு மாதம் கழித்துப் புதுத்துணியும் பரிசுகளுமாக ஊர் திரும்புவாள். மலாய்க்காரர்களிடம் ‘பீடான்’ என்னும் மருத்துவச்சி வந்து, சுடவைத்த கல்லைத் துணியில் சுற்றி வயிற்றில் ஒற்றி, நீளத் துணியால் வயிற்றை இறுக்கிக் கட்டுவாள். தாய்லாந்திலும் கம்போடியாவிலும் தாயைப் படுக்கவைத்துப் பக்கத்திலேயே நெருப்பு வளர்ப்பார்கள்.

இங்கே சுக்கும் பூண்டும் சுறாப்புட்டும், நாட்டு மருந்துக்கடையில் வாங்கி இடித்த பிரசவ லேகியமும். யாழ்ப்பாணத்தில் மல்லி, மிளகு, மஞ்சள் அரைத்து வைக்கும் சரக்குக் கறி. எங்கே பார்த்தாலும் சூடு, சூடு, மேலும் சூடு. ஐரோப்பாவும் இதற்கு விலக்கில்லை. நெதர்லாந்தில் பிள்ளை பார்க்க வருகிறவர்களுக்கு இன்றும் ரஸ்க்கின்மேல் வெண்ணெய் தடவி, சர்க்கரை பூசிய சோம்புவிதை தூவிக் கொடுக்கிறார்கள். சோம்பு பால் சுரக்க வைக்கும் என்பது அவர்களின் பழைய நம்பிக்கை.

இந்தச் சூட்டில் எவ்வளவு உண்மை? கொழுப்பும் புரதமும் நிறைந்த குழம்பு, இரத்தம் இழந்து பால் கொடுக்கும் பெண்ணுக்கு நல்லதுதான். ஓய்வும் நல்லதுதான். மற்றவற்றை ஒவ்வொன்றாகத்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும். கடும் கோடையில் கம்பளியும் மூடிய ஜன்னலுமாக மாதம் உட்கார்ந்து வெப்பத் தாக்கத்தில் இறந்த தாய்மாரைப் பற்றிய செய்திகள் சீன நாளிதழ்களில் வந்திருக்கின்றன. வட நைஜீரியாவின் ஹௌசா மக்களிடம் நாற்பது நாளும் கொதிக்கும் நீர்க் குளியல், கட்டிலுக்கு அடியில் நெருப்பு, ‘கன்வா’ என்னும் ஏரி உப்பு கரைத்த கஞ்சி என்று ஒரு முறை உண்டு. அங்கே பிள்ளை பெற்ற பெண்களுக்கு இதயம் வீங்கும் நோய் மிக அதிகம். 1970களில் சாரியா நகர மருத்துவர்கள் உப்பையும் சூட்டையும் சந்தேகித்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அந்தத் தொடர்பை உறுதிசெய்யவில்லை. வழக்கத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும்போதும் அவசரம் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நம் வீட்டில் அவசரமாகவே கைவிட வேண்டியவை சில உண்டு. பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு வைக்கும் என்று சொம்பை எடுத்து ஒளிப்பது முதலாவது. பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் எடுப்பது உடம்பு கேட்பதால்தான். அடுத்தது சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக இருக்கிறது, பழசு, கெட்டது என்று பீய்ச்சி ஊற்றிவிட்டு, நாக்கில் சர்க்கரைத் தண்ணீரைச் சேனை வைத்த வீடுகள் எத்தனை! தெருவில் கழுதையை ஓட்டிக்கொண்டு வந்து சங்கு சங்காக விற்கும் பாலைப் பிறந்த பிள்ளைக்குப் புகட்டுவது இன்னும் ஓயவில்லை. நோயை எதிர்க்கும் பொருள்கள் செறிந்த முதல் பாலை மண்ணில் விட்டுவிட்டு, காய்ச்சாத மிருகப் பாலைக் காசு கொடுத்து வாங்குகிறோம். குளிப்பாட்டி முடித்ததும் மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது மூன்றாவது. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சலாக மாறும். இவை எதிலும் சமரசம் வேண்டியதில்லை.

ஆனால் வழக்கத்தோடு சண்டை போடாமல் அதன் கையைப் பிடித்துத் திருப்பவும் முடியும். நேபாளத்தில் அறுத்த கொப்பூழில் கடுகெண்ணெயும் மஞ்சளும் தடவுவார்கள். ‘எதையும் தடவாதே’ என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. சர்லாஹி மாவட்டத்தில் ஓர் ஆய்வுக்குழு குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினியால் கொப்பூழைத் துடைத்துப் பார்த்தது. 2006இல் வெளியான முடிவின்படி பச்சிளங் குழந்தை இறப்பு 24 சதவீதம் குறைந்திருந்தது. பிறகு நேபாள அரசு அதைக் களிம்பாக்கிக் கிராம சுகாதாரத் தன்னார்வலர் கையில் கொடுத்தது. தடவும் வழக்கம் அப்படியே இருந்தது, தடவும் பொருள்தான் மாறியது.

இந்த நாற்பது நாளுக்கு இருண்ட முகமும் உண்டு. நாம் அதை ஓய்வு என்று சொல்வதில்லை, தீட்டு என்கிறோம். லேவியராகமத்தில் பெண் பிள்ளைக்கு நாள் இரட்டிப்பதற்கு உடம்பில் எந்தக் காரணமும் கிடையாது. 2023 ஜூலையில் கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில், காடுகொல்லர் குடியிருப்பு ஒன்றில், பிள்ளை பெற்ற பெண்ணை வழக்கப்படி ஊருக்கு வெளியே குடிசையில் வைத்தார்கள். மழை, குளிர். குழந்தை இறந்துபோனது. மதுரை மாவட்டத்துக் கூவலாபுரத்தில் மாதவிலக்கான பெண்களும் பிள்ளை பெற்றவர்களும் ஒதுங்கும் முட்டுவீடு பற்றிப் பத்திரிகைகள் பலமுறை எழுதியாகிவிட்டது. ஒரே சுவரின் உள்பக்கம் பராமரிப்பு, வெளிப்பக்கம் விலக்கல். பல நேரங்களில் இரண்டையும் பிரிக்க முடியாதபடி பிசைந்துதான் நம்மிடம் கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்தப் பழைய ஓய்வு எல்லாப் பெண்களுக்கும் கிடைத்ததில்லை. தீட்டுத்துணியை வெளுத்தவள் வண்ணார் வீட்டுப் பெண். கொப்பூழ் அறுத்தவள் நாவிதர் குடியின் மருத்துவச்சி. கூலி, படி நெல்லும் பழைய சேலையும். அவர்கள் பிள்ளை பெற்றபோது யார் வந்தார்கள்? வயலில் நடவு நட்டவள், வரப்பு மரத்தில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டுத்தான் நட்டாள். நாற்பது நாள் என்ற சொல்லைப் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் அந்தத் தூளியும் நினைவுக்கு வர வேண்டும்.

பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போனது நல்லதுதான். பழைய ஆஸ்பத்திரிகள் சில வீட்டைவிட ஆபத்தானவையாக இருந்தன என்பதும் உண்மை. 1847இல் வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ், பிணத்தை அறுத்துவிட்டு அதே கையோடு பிரசவம் பார்க்க வந்த மருத்துவர்களை குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வைத்தார். அந்த ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த தாய்மார் இறப்பு, சில மாதங்களில் இரண்டளவுக்கு வந்தது. பக்கத்திலேயே மருத்துவச்சிகள் பயின்ற இன்னொரு பிரிவில் இறப்பு முன்பிருந்தே மிகக் குறைவு. அவர்கள் பிணம் அறுத்ததில்லை. அன்றைக்குத் தொடங்கி இன்றைக்கு ஆன்டிபயாட்டிக்கும் இரத்த வங்கியும் சிசேரியனும் காப்பாற்றிய உயிர்களுக்கு எந்தப் பாரம்பரியமும் ஈடாகாது. ஆனால் ஆஸ்பத்திரி பிரசவத்தை எடுத்துக்கொண்டதே தவிர, அதற்குப் பிந்தைய நாற்பது நாளை எடுத்துக்கொள்ளவில்லை.

அமெரிக்காவில் இது அப்பட்டமாகத் தெரிகிறது. 1990களில் காப்பீட்டு நிறுவனங்கள் ஒரே நாளில் தாயை வீட்டுக்கு அனுப்ப, சுகப்பிரசவத்துக்கு 48 மணி நேரப் படுக்கைச் செலவை மறுக்கக் கூடாது என்று 1996இல் சட்டமே போட வேண்டியிருந்தது. தேசிய அளவில் சம்பளத்துடன் கூடிய பேறுகால விடுப்புச் சட்டம் அங்கே இன்றுவரை கிடையாது. வெகுகாலம் தாய்க்கு இருந்தது ஆறாம் வாரத்தில் ஒரே ஒரு பரிசோதனை. கர்ப்பத்தோடு தொடர்புள்ள இறப்புகளில் பாதிக்கு மேல் அங்கே பிரசவத்துக்குப் பிறகுதான் நேர்கின்றன. 2018இல்தான் மகப்பேறு மருத்துவர் சங்கம் தன் வழிகாட்டுதலை மாற்றி, முதல் மூன்று வாரத்துக்குள்ளேயே தாயோடு தொடர்பு வேண்டும் என்றது.

மனம் பற்றிய ஆய்வுகள் இந்த இடத்தில் எனக்கு வழிகாட்டின. 1983இல் ஸ்டெர்ன், க்ரக்மன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். ஓய்வு, உதவி, தாய்மைக்கான சமூக அங்கீகாரம் ஆகியவற்றை வழக்கமாக வைத்திருக்கும் சமூகங்களில் பேறுகால மனச்சோர்வு குறைவாக இருக்கலாம் என்றார்கள். கேட்க இனிமையான கருத்து; ஆனால் பின்வந்த தகவல்கள் அவ்வளவு எளிமையாக இல்லை. விக்ரம் பட்டேல் குழுவினர் கோவாவில் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு முதல் எட்டு வாரத் தாய்மாரில் 23 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. உறவு சூழ்ந்த குடும்பங்கள்தாம். கணவனின் அடியும் வறுமையும், ஆணை எதிர்பார்த்துப் பெண் பிறந்ததும் அவர்களை அழுத்தின. ஹாங்காங்கிலும் தைவானிலும் மாதம் உட்கார்ந்த பெண்களை ஆராய்ந்தபோது, எங்கே உட்கார்ந்தாள், யார் பார்த்துக்கொண்டார் என்பது முக்கியமாக இருந்தது. சொந்தத் தாயிடம் இருந்தவள் தெளிவாக இருந்தாள். ஒத்துப்போகாத மாமியாரிடம் இருந்தவளுக்கு அதே சூப்பும் அதே கட்டிலும் சிறையாகிவிட்டன.

ஆகவே மருந்து சட்டியில் மட்டும் இல்லை, பார்த்துக்கொள்ளும் மனிதரிடம் இருக்கிறது. தன்னை நம்பும், தான் நம்பும் ஒருத்தி பக்கத்தில் இருப்பதுதான் எல்லா நாட்டு வழக்கங்களுக்கும் பொதுவான உயிர்ப்பகுதி. சூடு, குளிர்ச்சி, கல், கயிறு எல்லாம் ஊருக்கு ஊர் மாறும் உடைகள்.

நாம் என்ன செய்திருக்கிறோம் என்றால், உடைகளை வைத்துக்கொண்டு உயிரை விட்டுவிட்டோம். என் தங்கைக்கு இரண்டாவது பிள்ளை சிசேரியனில் பிறந்தது. நான்காம் நாள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தாள். அம்மாவுக்கு மூட்டுவலி, படியேற முடியாது. மைத்துனருக்கு மூன்று நாள்தான் விடுப்பு. ஆனால் பத்தியத்துக்கு மட்டும் குறைவே இல்லை. தயிர் கூடாது, கத்தரிக்காய் கூடாது, மின்விசிறி கூடாது என்று ஆறு ஊர்களிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. தையல் போட்ட வயிற்றோடு குனிந்து பெரியவனுக்கு ஷூ மாட்டிவிட்டுக்கொண்டே அவள் எல்லாவற்றுக்கும் ‘சரி அத்தை, சரி சித்தி’ என்றாள். ஒன்பதாம் நாள் நான் போனபோது பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. இவள் தலை வாரி மூன்று நாள் ஆகியிருந்தது. தமிழ்நாட்டில் 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு 45 பிரசவங்கள் சிசேரியன். பெரிய வயிற்று அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வீட்டு வேலை பார்க்கும் பெண்கள் எத்தனை லட்சம் என்று எண்ணினால் நெஞ்சு பதறுகிறது.

பணமுள்ள இடங்களில் பார்த்துக்கொள்ளும் கைகளை விலைக்கு வாங்குகிறார்கள். தென்கொரியாவில் பத்தில் எட்டுத் தாய்மார் ‘சான்ஹூ ஜோரிவொன்’ எனப்படும் பராமரிப்பு மையங்களில் இரண்டு வாரம்போலத் தங்குகிறார்கள். கயிறு கட்டிய வாசல் இன்று பளபளக்கும் கண்ணாடிக் கதவாகிவிட்டது. சிங்கப்பூரில் மாதச் சம்பளத்துக்கு வீட்டோடு தங்கும் பேறுகாலப் பணிப்பெண்கள், சீன நகரங்களில் ‘யுவேசாவ்’. அந்தப் பணிப்பெண் தன் பிள்ளையை யாரிடம் விட்டு வந்தாள் என்ற பழைய கேள்வி இங்கே மறுபடி எழுகிறது.

நெதர்லாந்து இதைச் சந்தையிடம் மட்டும் விடவில்லை. ‘க்ராம்சோர்க்’ என்பது அங்கே அடிப்படைக் காப்பீட்டில் அடங்கிய உரிமை. பயிற்சி பெற்ற பணியாளர் முதல் எட்டுப் பத்து நாள் தினமும் வீட்டுக்கு வருவார். குறைந்தது 24 மணி நேரம், தேவைப்பட்டால் 80 வரை, வழக்கமாக 49. தாயின் தையலைப் பார்ப்பார், பால் கொடுக்க உதவுவார், பிள்ளையை எடை போடுவார். மூத்த பிள்ளையைக் கவனிப்பார், குளியலறையையும் கழுவுவார். செவிலியும் தாய்வீட்டுச் சித்தியும் ஒரே ஆளாகச் சேர்ந்து வந்த மாதிரி.

அது பணக்கார நாடு என்று சொல்லித் தட்டிக்கழித்துவிட முடியாது. கொலம்பியாவின் பொகோட்டாவில் 1970களின் இறுதியில் இன்குபேட்டர் போதாதபோது மருத்துவர் எட்கர் ரேய் சனாப்ரியா எடை குறைந்த பிள்ளைகளைத் தாயின் மார்போடு தோல்மேல் தோலாகக் கட்டிவைத்தார். கங்காரு முறை என்று அதற்குப் பெயர் வந்தது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பிறந்தவுடனேயே இதைத் தொடங்கிய பிள்ளைகளின் இறப்பு கால்பங்கு குறைந்தது. அதைச் செய்ய ஆஸ்பத்திரிகள் தம் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் தாய்க்கும் ஒரு கட்டில் போட வேண்டியிருந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமானது மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி. அபய் பங், ராணி பங் என்ற மருத்துவத் தம்பதி அங்கே 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு தேடிப் போய்ப் பச்சிளங் குழந்தைகளைப் பார்க்க வைத்தார்கள். 1999இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. பச்சிளங் குழந்தை இறப்பு 62 சதவீதம் குறைந்திருந்தது. அந்தப் பெண்களிடம் இருந்தவை எடை பார்க்கும் தூளித் தராசும், வெப்பமானியும், மூச்சூட்டும் பையும், சில மருந்துகளும், அந்த ஊர்ப் பேச்சும்தான்.

அந்த முறைதான் 2011இல் இந்திய அரசின் திட்டமானது. ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றவள் வீட்டுக்கு ஆஷா பணியாளர் ஆறு முறை போக வேண்டும். 3ஆம் நாள், 7, 14, 21, 28, கடைசியாக 42ஆம் நாள். ஏட்டில் எழுதியபடி எல்லா வீடுகளுக்கும் அவர் போய்ச் சேர்வதில்லை. அவருக்குக் கிடைக்கும் ஊக்கத்தொகை அவர் உழைப்புக்கு மிகக் குறைவு. இருந்தாலும் அவர் கையில் இருக்கும் படிவத்தை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். ஆறு வருகைக்கும் தனித்தனிக் கட்டங்கள். பிள்ளைக்குக் குளிர் படுகிறதா, பால் சரியாகக் குடிக்கிறதா, உதிரத்துக்கு ஒரு நாளில் எத்தனை துணி மாற்றுகிறாள் என்று கேள்விகள் இறங்கிக்கொண்டே போகின்றன. அவை எல்லாவற்றுக்கும் மேலே, முதல் கட்டத்தில், தாயைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி இது: இந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் எத்தனை வேளை வயிறாரச் சாப்பிட்டாய்?